ராமக்கா வீட்டு மிச்ச விறகு

குளிர்காலத்தில் வீட்டு எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி என்று ஒரு கையேடு தயாராகிறதாம். தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வாழும் பெண்களுக்கானது. அதைத் தொகுக்கும் நிர்மலா என்ற இளம் அலுவலர் சென்ற மாதம் ஓசூரில் என் வீட்டுக்கு வந்து, கீசரை எப்போது அணைக்க வேண்டும், குக்கரை எப்போது இறக்க வேண்டும் என்பன போன்ற குறிப்புகளைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியான குறிப்புகள். ஒன்றிலும் எனக்கு மறுப்பில்லை. "உங்க காலத்துலயும் இந்த மாதிரி வேலை செஞ்சிருக்கீங்களாமே மேடம். அனுபவம்னு ஒரு பகுதி போடலாம்னு இருக்கோம். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்," என்றார்.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கையேட்டில் இதற்கு இடம் இருக்குமா என்பதும் ஐயமே. சிக்கனத்தைப் பற்றி ஒரு வாழ்நாள் முழுவதும் பெண்களிடம் பேசிச் சம்பளம் வாங்கியவள் நான். சிக்கனம் செய்தபின் மிஞ்சுவது யார் கைக்குப் போகிறது என்று என்னை யாரும் பேசச் சொன்னதில்லை. இப்போதும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில், தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்று மேற்படிப்புக்குக் காத்திருந்தபோது என் தந்தை இறந்தார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கிராம சேவிகாவாக வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சத்துணவு, குழந்தை வளர்ப்பு, தையல், புகையில்லா அடுப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கும் வேலை அது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சமவெளியில், அரிசி உண்ணும் ஊர் ஒன்றில், வெயில் காயும் முற்றத்தில் அடுப்புக் கட்டக் கற்றோம். கூதிர், முன்பனி, பின்பனி என்று பருவங்களைப் பிரித்து மனப்பாடம் செய்திருந்த எனக்கு, குளிர் என்றால் என்னவென்று ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது. கூதிர்க்காலத்தில் பெண்கள் தீ மூட்டியதை நாங்கள் வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். அந்தத் தீக்கு விறகு எங்கிருந்து வந்தது என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என் மேலதிகாரி முக்கிய சேவிகா ஞானசௌந்தரி அம்மாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். வெள்ளைப் பருத்திச் சேலை, கறுப்புக் குடை, ஆண்கள் அணிவது போன்ற தோல் செருப்பு. ஒன்றிய ஆணையரின் அறையில் உட்காரச் சொன்னால் ஒழிய உட்காரமாட்டார். உட்கார்ந்த பின் முதுகை நாற்காலியில் சாய்க்கமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னிடம் மட்டும் தம் ஊர்ப் பேச்சில் பேசுவார். என் முதல் நாளில் அவர் சொன்னது இது: "போன உடனே அடுப்பப் பத்திப் பேசாத, கேட்டியா? ஒரு சமையல் முழுக்க உக்காந்து பாரு. அவ எத்தன தடவ ஊதுதா, எத்தன தடவ எந்திரிக்கா, எங்க கண்ணத் தொடைக்கான்னு பாரு. பாத்துட்டு எந்திரிச்சு வந்துரு. மறுநா பேசு."

அவர் முறைகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. அடுப்பு மண்ணைக் குழைக்கும்போது ஒரு கவளத்தை எடுத்து உருட்டி, இடுப்புயரத்திலிருந்து தரையில் போடுவார். பிளந்தால் சாணம் போதாது; சப்பையானால் தண்ணீர் அதிகம். புகைபோக்கிக் குழாய்களின் இணைப்புகளைச் சோதிக்கப் புறங்கையைத்தான் வைப்பார். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போனது, புகைக் கசிவு அதற்குத் தெரியாது என்பார். அடுப்பு எரிவதற்கு முன்னும் பின்னும் விறகைக் கட்டித் தொங்கு தராசில் நிறுப்பார். நிறுக்கும்போது அந்த வீட்டுக்காரிதான் முள்ளைப் பார்த்துச் சொல்லவேண்டும், நாங்கள் சொல்லக்கூடாது.

இவற்றோடு இன்னொரு முறையும் இருந்தது. மிச்சமாகும் விறகை வீட்டுக்குள் போடக்கூடாது. வாசலை ஒட்டிய சுவரில், அன்றாட விறகோடு கலக்காமல், தனியாக அடுக்கவேண்டும். "மிச்சம்னு வாயால சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டா. போறவ வாறவ கண்ணுல படணும். அடுக்கு ஒசரணும். அது பேசும், நீ பேசாண்டாம்." மிகச் சிறந்த முறை என்று அப்போது நினைத்தேன். வேலை நடக்கவேண்டும் என்ற அளவில் பார்த்தால் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்கு ஒதுக்கப்பட்ட ஊர் பேரிகையைத் தாண்டி மைசூர் மாநில எல்லையைத் தொட்டு இருந்தது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசினார்கள். கோபம் வந்தால் எந்த மொழிக்குப் போவார்கள் என்பதை வைத்துத்தான் யார் எந்த வீடு என்று கண்டுகொண்டேன். கேழ்வரகுதான் சாப்பாடு. விறகு, ஊரை ஒட்டிய காப்புக்காட்டிலிருந்து வரவேண்டும். வாரத்தில் இரண்டு நாள், வீட்டுக்கு ஒரு பெண், நாளுக்கு ஒரு தலைச்சுமை உலர்ந்த சுள்ளி. அதற்கு வனத்துறை சீட்டுக் கொடுத்திருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஓசூர் விறகுத்தொட்டியில்தான் வாங்கவேண்டும். மற்ற மாதங்களில் இரண்டு சுமை போதும். கார்த்திகை பிறந்தால் போதாது.

முதல் அடுப்பு மூன்றாம் நாளே வாய் பிளந்தது. எனக்குக் கற்பித்தவர்கள் சோறு வடிப்பவர்கள். களி கிண்டுவது என்றால் என்ன என்று அவர்கள் பார்த்ததில்லை. பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் சுழற்றும்போது அடுப்பின் விளிம்பு தாங்கவில்லை. பெண்கள் கூடி நின்று சிரித்தார்கள்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு நமக்கு அடுப்புக் கட்ட வந்துக்குது பாரு!"

"நாளைக்குப் புள்ள பெக்கறதுக்கும் பாடம் எடுக்குமாண்டி?"

"எடுத்தா என்னா, படிச்ச பொண்ணு. வந்து எங்க ஊட்டுக் களிய ஒரு கிண்டு கிண்டட்டும், அப்பறம் பாக்கலாம்."

நான் கிண்டவில்லை. ஞானசௌந்தரி அம்மாளுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து, ஒரு சமையல் முழுவதும் உட்கார்ந்து பார்த்து, எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்தபோது முன் அடுப்பின் உயரத்தைக் குறைத்து, விளிம்புக்குள் மூன்று கருங்கல் துண்டுகளைப் பதிக்கச் சொன்னார். அது உடையவில்லை.

அந்த அடுப்பை முதலில் ஒப்புக்கொண்டவர் ராமக்கா. நாற்பதை நெருங்கிய வயது. கணவர் மாரப்பன், ஒரு ஜோடி மாடு, மானாவாரி நிலம் கொஞ்சம், ஒரே மகள் சாக்கம்மா. மகளை முந்தைய ஆண்டு எல்லைக்கு அப்பால் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ராமக்கா எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் இருவரையும் வீட்டுக்குள் அழைத்துத் தம் கல்லடுப்பின் அருகே உட்காரவைத்துத்தான் கேட்டார்.

"வெறகு கம்மியா எரியும்ங்கிறீங்க. செரி. அப்ப ஊடு?"

"வீட்டுக்கு என்ன?" என்றேன்.

"இந்தக் கல்லு களியும் கிண்டும், ஊட்டையும் காயவெக்கும் டீச்சரம்மா. உன் அடுப்பு சூட்டையெல்லாம் வயித்துக்குள்ளயே வெச்சிக்குது. மார்கழில நாங்க எங்க குந்திக் காயறது? உன் கொழாயக் கட்டிப் புடிச்சிக்கறதா?"

பயிற்சியில் அந்தக் கேள்வி இல்லை. ஞானசௌந்தரி அம்மாள்தான் பேசினார். "நீங்க சொல்லுதது நெசம். இது வீட்டக் காய வைக்காது. புகை இருக்காது, விறகு பாதி மிஞ்சும். அம்புட்டுத்தான். மிஞ்சுத விறக என்ன செய்யணும்ங்கது உங்க இஷ்டம்."

ராமக்கா மெதுவாகக் கேட்டார்: "மிஞ்சறது எங்களுதா?"

"உங்களுதுதான்."

"நெசமா?"

"நான் சொல்லுதேன்."

அப்போதுதான் ராமக்கா தம் கணக்கைச் சொன்னார். சாக்கம்மா கருவுற்றிருந்தாள், தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். தை மாதத்தில் பிறக்கும். அந்த ஊரில் பிள்ளை பெற்றவளைக் குளிரில் கிடத்தமாட்டார்கள். அவளும் குழந்தையும் படுக்கும் மூலையில் பகலும் இரவும் தீ இருக்கும். நாள்தோறும் பெரிய தவலையில் வெந்நீர். ராமக்காவுக்கு முதலில் பிறந்த ஆண்குழந்தை, ஒரு தை மாதத்தில், விறகு இல்லாத வீட்டில், சளி கட்டி இறந்திருந்தது. அதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். "இவளுக்கு அப்பிடி ஆவக் கூடாது. கார்த்திகையில இருந்து மிச்சம் புடிச்சா, தைக்குப் பத்துமா?"

"பத்தும்," என்றார் ஞானசௌந்தரி அம்மாள்.

பழைய அடுப்புக் கற்களைப் பெயர்த்தால்தான் புதிய அடுப்பு அலுவலகக் கணக்கில் சேரும் என்பது விதி. ராமக்கா கற்களை மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். தை வந்தால் மூலையில் மீண்டும் போடுவது என்று எங்களுக்குள் பேச்சு. அதற்குள் அடுப்பு கணக்கில் ஏறிவிடும்.

கார்த்திகை முழுவதும் அந்த வீடு குளிர்ந்து கிடந்தது. ராமக்காவும் மாரப்பனும் சாக்கைப் போர்த்திக்கொண்டு, சமையல் முடிந்ததும் படுத்துவிட்டார்கள். "பொண்ணுக்கு வேணும்ல," என்று மாரப்பன் என்னிடம் சொல்லிப் பல் கிட்டச் சிரித்தார். வாசல் சுவரில் அடுக்கு உயர்ந்தது. நேராக உள்ளவற்றை வெளியிலும் கோணலானவற்றை உள்ளேயும் வைத்து, மேலே பனையோலை மூடி, அதன்மேல் கல் வைத்திருந்தார் ராமக்கா. அவ்வளவு செம்மையான அடுக்கை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. தெருப் பெண்கள் நின்று பார்த்தார்கள். கையை வைத்து உயரம் அளந்தார்கள். மார்கழி பிறப்பதற்குள் பாதித் தெரு அடுப்புக் கேட்டது. சாக்கம்மாவும் வந்து சேர்ந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்த அடுக்கின்மேல் சாய்ந்து வெயில் காய்வாள்.

ஆணையருக்கு மகிழ்ச்சி. செயல்விளக்க நாள் ஒன்று குறித்து, வனச்சரகரையும் அழைத்தார். காட்டைக் காப்பாற்றும் அடுப்பு என்று அவருக்குக் காட்டவேண்டும் என்பது எண்ணம்.

பனி விலகாத காலையில் ஜீப் வந்தது. ராமக்கா வீட்டில்தான் விளக்கம். ஞானசௌந்தரி அம்மாள் விறகை நிறுத்தார். ராமக்கா முள்ளைப் பார்த்துச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கல்லடுப்பிலும் இந்த அடுப்பிலும் ஒரே அளவு தண்ணீரைக் கொதிக்கவைத்து, மீதி விறகை மறுபடி நிறுத்துக் காட்டினோம். பாதிதான் எரிந்திருந்தது. ஆணையர் கைதட்டினார். சரகரும் தட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறரைப் போலக் காட்டு மரத்தை விற்றுத் தின்னாதவர் என்று ஊரே சொல்லும். காட்டைக் காப்பது அவர் வேலை. அதை அவர் நன்றாகவே செய்தார்.

வெளியே வந்தபோது அவர் கண்ணில் அடுக்கு பட்டது.

"இது யாருது?"

"எங்களுதுதான் சாமி," என்றார் ராமக்கா. அவர் குரலில் இருந்த பெருமிதத்தை என்னால் மறக்க முடியவில்லை. "இந்த அடுப்பால மிச்சமானது. எம்பொண்ணு முழுகாம இருக்கறா. தைக்குன்னு சேத்து வெச்சது."

"விக்கறதுக்கு இல்லையே?"

"அய்யோ, இல்ல சாமி! ஒரு குச்சி வித்திருந்தா கேளுங்க."

சரகர் ஓலையைத் தூக்கிப் பார்த்தார். "சீட்டு எதுக்கும்மா குடுக்கறோம்? அன்னன்னைக்கு அடுப்பு எரிக்க. சேத்து வெக்கறதுக்கு இல்ல. வீட்டு உபயோகத்துக்கு மேல வெச்சிருந்தா அது குத்தம். தெரியுமில்ல?"

"பாதி எரிச்சா மீதி மிஞ்சும்தானே சாமி? மிஞ்சினதத்தான் வெச்சேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். மிஞ்சுதுன்னா, அவ்வளவு உனக்குத் தேவையில்லன்னு அர்த்தம்." அவர் ஆணையர் பக்கம் திரும்பினார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே ஒரு கணக்கு விளங்கிய நிறைவுதான் இருந்தது. "நீங்களே காட்டிட்டீங்களே சார். பாதி போதும்னு. அப்பறம் இந்த ஊருக்கு ரெண்டு சுமை எதுக்கு? ஒண்ணு போதும்."

ஆணையர் சிரித்தார். "அடுப்பு அவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுங்க!"

ஞானசௌந்தரி அம்மாள் முன்னால் வந்தார். கைகளில் கரி இருந்தது. "சார், மிச்சம் அவங்களுக்குத்தான்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"காடு உங்க வாக்குல வளரலையே அம்மா," என்றார் சரகர், மரியாதையாகவே.

ஞானசௌந்தரி அம்மாள் பின்னுக்கு நகர்ந்தார். ஆணையர் அவரைப் பார்த்த பார்வையை நான் கண்டேன், அவரும் கண்டார். ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன அவருக்கு. ஓய்வூதியம் தவிர வேறு துணையில்லாத விதவை. நான் அவருக்கும் கீழே, தற்காலிகப் பணியில் இருந்தவள். "இது நியாயமில்லை சார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. கேட்ட ஒரே ஆள் ஆணையர். "நீங்க தராசை எடுத்து வைங்கம்மா," என்றார்.

மறுநாள் வனக்காவலர்கள் வண்டி கொண்டுவந்து அடுக்கை ஏற்றிப் போனார்கள். ராமக்காவுக்கு அபராதம் விதித்தார்கள். அதைக் கட்ட மாரப்பன் ஜோடி மாட்டில் ஒன்றை விற்றார். ஊர் முழுவதற்கும் சீட்டு வாரத்துக்கு ஒரு சுமையாயிற்று. அடுப்பு வைத்த வீடு, வைக்காத வீடு என்ற வேறுபாடு இல்லை. கல்லடுப்பு எரித்தவர்களுக்கும் பாதிதான். மார்கழி நடுவில்.

ஊர்ப் பெண்கள் சரகரைத் திட்டவில்லை. கிணற்றடியில் ராமக்கா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது.

"நாம வெச்சிருந்தா உள்ள வெச்சிருப்போம். மகராசி, தெருவுக்குத் தெரிய அடுக்கினாளே!"

"பொண்ணு தலப்பிரசவம்னா ஊரு குளுர்ல சாவணுமா?"

"உடு உடு. டீச்சரம்மா வருது. அவ ஊட்டுக்கே போவட்டும்."

இந்தப் பேச்சு என் காதில் விழவேண்டும் என்றுதான் பேசப்பட்டது. நான் என்ன விளக்கம் சொல்லமுடியும்? அடுக்கச் சொன்னது எங்கள் முறை. அந்த முறைக்குத் தண்டனை பெற்றவர் ராமக்கா.

ஞானசௌந்தரி அம்மாள் ஆணையரை மூன்று முறை பார்த்தார். ஒவ்வொரு முறையும் அறைக்கு வெளியே நான் நின்றேன். கடைசி முறை ஆணையர் சொன்னது தெளிவாகவே கேட்டது: "அடுப்பு நம்ம இலாகா அம்மா. விறகு அவங்க இலாகா. நாம ஏன் அதுல போய்..." மேலிடத்துக்கு மனு எழுதினோம். வரைவு என்னுடையது. அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் வைத்துக் கையெழுத்திட்டார். பதில் வரவில்லை.

வந்தது வேறொன்று. சுற்று வட்டாரத்திலேயே அதிகமான அடுப்புகள் வைத்த ஒன்றியம் எங்களுடையது என்று பாராட்ட, ஓசூர் பயணியர் விடுதிக்கு வெளியூர் உயரதிகாரி ஒருவர் வந்திருந்தார். எங்களையும் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். கூடத்தில் சுவரோடு கட்டிய கணப்படுப்பு இருந்தது. அதில் விறகு எரிந்துகொண்டிருந்தது. சமையலுக்கு அல்ல, குளிருக்கு. சூட்டில் பாதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது ராமக்காவின் விறகு என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. பறிமுதல் செய்த விறகு எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

"தீப்பக்கமா வந்து உக்காருங்கம்மா, குளுருமே," என்றார் அந்த அதிகாரி, நல்ல மனத்தோடு.

"இருக்கட்டும் ஐயா," என்றார் ஞானசௌந்தரி அம்மாள். கடைசிவரை மடித்த குடையைப் பிடித்தபடி வாசற்படி அருகிலேயே நின்றார். பேருந்துக்கு நடந்து வரும்போது ஒரே ஒரு முறை பேசினார். "இனிமே மிச்சத்த உள்ள வைக்கச் சொல்லு, என்னட்டி? கட்டிலுக்கு அடியில, பரணுக்கு மேல, எங்கயாச்சும். கேட்டா, மிஞ்சலன்னு சொல்லச் சொல்லு." அத்தனை ஆண்டு வேலை செய்த ஒருவர் தம் முறைகளில் மிகச் சிறந்ததைத் தம் கையாலேயே அடித்து எழுதியது அந்தச் சாலையில்தான். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவரை நான் பிறகு பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே என் பணிக்காலம் முழுவதும் செய்தேன். அடுப்புகள் பல கட்டினேன். பிறகு முக்கிய சேவிகாவும் ஆனேன். விறகு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டு வந்தவர்களிடம், "சொல்லும்படியாக இல்லை," என்றேன். திறமைக் குறைவு என்று என் பெயர் இரண்டு முறை பதவி உயர்வில் தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பெண்கள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டால்தான் தங்கள் சிக்கனத்தைத் தாங்களே அனுபவிக்கமுடியும் என்றால், அதையும் கற்றுக்கொடுப்பது என் வேலைதான் என்று வைத்துக்கொண்டேன். வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது.

தை மாதத்தில் சாக்கம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. போகலாமா என்று சில நாள் தயங்கிவிட்டுப் போனேன். பனி அன்றும் விலகவில்லை. வாசல் சுவரில் அடுக்கு இருந்த இடம் மட்டும் மழைக்கறை படாமல் வெளுத்துத் தெரிந்தது. கதவைத் தட்டத் தேவையில்லை, கதவே இல்லை. நிலைப்படியில் சாக்கு தொங்கியது.

உள்ளே மூலையில் சாக்கம்மா குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்தாள். குழந்தையின் நெற்றி வியர்த்திருந்தது. அவ்வளவு சூடு அந்த மூலையில். கொட்டகையிலிருந்த மூன்று கற்களும் அங்கே வந்திருந்தன. மேலே பெரிய தவலையில் தண்ணீர் கொதித்தது. நாங்கள் கட்டிய அடுப்பு எதிர்ச்சுவரில், மெழுகியபடியே, குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் குழந்தையின் துணிகள் உலர்ந்தன. பரணில் பலகை இல்லை. கொட்டகையின் கால்களில் இரண்டு இல்லை.

"வா டீச்சரம்மா," என்றார் ராமக்கா. அந்தக் குரலில் சினம் இல்லை. சினத்துக்கு நான் ஆயத்தமாகப் போயிருந்தேன்; இதற்கு ஆயத்தமாகப் போகவில்லை. "வந்து நெருப்பாண்ட குந்து. வெளிய எலும்பு நடுங்குது."

உட்கார்ந்தேன். நீண்ட, தடித்த மரம் ஒன்று கற்களுக்கிடையே எரிந்துகொண்டிருந்தது. அதன் மறுமுனை என் காலருகே வரை நீண்டிருந்தது. மாட்டுக் கழுத்து உராய்ந்து உராய்ந்து வழுவழுப்பான ஒரு வளைவு அதில் இருந்தது. அப்படியொரு வளைவு மறுபக்கத்திலும் இருந்திருக்கும். அது ஏற்கெனவே தீக்குள் போயிருந்தது.

"நுகத்தடியா ராமக்கா?"

"ஆமா."

"உழவுக்கு?"

"ஒத்த மாட்டுக்கு நுகத்தடி எதுக்கு டீச்சரம்மா?" அவர் என்னைப் பார்க்காமல், குழந்தையைப் பார்த்துச் சொன்னார். "நல்ல மரம். எங்க மாமனாரு காலத்துது. எரியறது பாரு, பொகையே இல்ல. நின்னு எரியுது."

மாரப்பன் எங்கே என்று கேட்டேன். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார், சம்பளம் வந்தால் பணம் அனுப்புவார் என்றார். இந்தக் குளிர் தாண்டியதும் தாமும் போய்விடப்போவதாகச் சொன்னார். குழந்தை சிணுங்கியது. சாக்கம்மா அதன் காதை மூடித் துணியை இழுத்துவிட்டாள்.

"என்ன பேரு வெக்கப் போறீங்க?" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"இருக்கட்டும். மொதல்ல பொழைக்கட்டும்," என்றார் ராமக்கா.

தவலையில் தண்ணீர் சத்தமிட்டது. தீ சற்றுத் தாழ்ந்தது. ராமக்கா என்னை நோக்கிக் குனிந்தார்.

"காலக் கொஞ்சம் எடு டீச்சரம்மா. தள்ளணும்."

நான் காலை எடுத்தேன். அவர் தள்ளினார்.